குறிப்பேட்டை மூடாத மருத்துவர்

ஒரு மாணவரின் துயரம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஒரு மருத்துவமனை. 1890களின் தொடக்கம். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மருத்துவ மாணவர்கள் வரிசையாக அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடலிறக்க நோயால் உயிருக்குப் போராடிய ஒருவருக்கு அவசரமாக அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்தது. அவருக்கு மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு இளம் மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இந்தப் பணியைப் பெரும்பாலும் மாணவர்களே செய்தார்கள். ஈதர் என்னும் திரவத்தில் பஞ்சை நனைத்து நோயாளியின் மூக்கருகே பிடிப்பார்கள். எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கொடுப்பவரின் ஊகத்தைப் பொறுத்தே இருந்தன. அன்றும் அப்படித்தான் நடந்தது. சிகிச்சை முடிவதற்குள் அந்த நோயாளி அனைவரின் கண்முன்னே இறந்துபோனார்.

மாணவர் யாரிடமும் சொல்லாமல் கூடத்தைவிட்டு வெளியேறினார். மாலைவரை நகரத்தின் தெருக்களில் தனியாக நடந்துகொண்டிருந்தார். பிறகு, அறுவை மருத்துவரின் வீட்டிற்குச் சென்றார். மருத்துவப் படிப்பை விட்டுவிடுவதற்குமுன், இறந்தவரின் குடும்பத்திற்குத் தம்மால் ஏதேனும் ஈடுசெய்ய முடியுமா என்று கேட்டார். அந்த மருத்துவரோ, நோயாளி பிழைக்க வாய்ப்பே இல்லாதவர் என்றும் இத்தகைய மரணங்கள் அடிக்கடி நிகழ்பவை என்றும் கூறினார். நடந்ததை மறந்துவிட்டுப் படிப்பைத் தொடருமாறு சொல்லி அனுப்பினார்.

மாணவர் படிப்பைத் தொடர்ந்தார். ஆனால், நடந்ததை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மயக்க மருந்தை யார் சிறப்பாகக் கொடுப்பது என்று அவரும் எர்னஸ்ட் காட்மன் என்ற சக மாணவரும் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். வெற்றி பெறுபவருக்கு மற்றவர் விருந்து வாங்கித் தர வேண்டும். அதற்காக, 1894ஆம் ஆண்டில் இருவரும் ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கினார்கள். சிகிச்சை நடக்கும்போதே சில நிமிடங்களுக்கு ஒருமுறை நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சின் வேகத்தையும் ஒரு தாளில் குறித்து வந்தார்கள். துடிப்பு மாறினால் தாளில் உடனே தெரிந்தது. ஊகத்தின் இடத்திற்குக் கணக்கு வந்தது. இன்று உலகெங்கும் அறுவைச் சிகிச்சையின்போது பயன்படுத்தப்படும் மயக்க மருந்துப் பதிவுத்தாளுக்கு இதுவே முன்னோடி.

அந்த மாணவரின் பெயர் ஹார்வி குஷிங். நவீன மூளை அறுவைச் சிகிச்சையின் தந்தை என்று பிற்காலத்தில் போற்றப்பட்டவர். பிட்யூட்டரி என்னும் சிறிய சுரப்பியில் தோன்றும் கட்டிகளைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகிற்கு வழிகாட்டியவரும் இவரே.

மருத்துவக் குடும்பத்தின் கடைக்குட்டி

ஹார்வி குஷிங் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. இவருடைய தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் ஆகிய மூவரும் மருத்துவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இவருக்குப் பேஸ்பால் விளையாட்டில் மிகுந்த ஆர்வம் இருந்தது. பட்டம் பெற்ற பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1895இல் மருத்துவரானார்.

மறு ஆண்டு பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இவருக்கு ஆசானாக அமைந்தார். அக்காலத்து மருத்துவர்கள் பலர் விரைவாக அறுவைச் சிகிச்சை செய்வதையே திறமையாகக் கருதினார்கள். ஹால்ஸ்டெட் அப்படியல்லர். உடலின் திசுக்களை மென்மையாகக் கையாள வேண்டும். ஒரு சொட்டு இரத்தம்கூட வீணாகக்கூடாது. நேரம் கூடினாலும் செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. குஷிங் இதனை அப்படியே உள்வாங்கிக்கொண்டார்.

1900ஆம் ஆண்டில் குஷிங் ஐரோப்பாவிற்குப் பயணமானார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சரிடம் ஆய்வு மேற்கொண்டு, மண்டையோட்டினுள் அழுத்தம் கூடினால் இரத்த அழுத்தமும் கூடுகிறது என்பதை விளக்கிக் காட்டினார். இத்தாலியின் பாவியா நகரில் அவர் ஒரு கருவியைக் கண்டார். கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இரத்த அழுத்தத்தை அளக்கும் எளிய கருவி அது. அதன் பயனை உடனே உணர்ந்த குஷிங், அதனை அமெரிக்காவிற்குக் கொண்டுவந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் பயன்படுத்தினார். மாணவப் பருவத்தில் தொடங்கிய பதிவுத்தாளில் இப்போது இரத்த அழுத்தமும் சேர்ந்தது.

நாடு திரும்பிய குஷிங் மூளை அறுவைச் சிகிச்சையைத் தம் துறையாகத் தேர்ந்தெடுத்தார். அது துணிச்சலான முடிவு. அக்காலத்தில் மூளையில் கட்டி உள்ளவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தால் மிகப் பலர் இறந்துபோனார்கள். மூளைக்குள் இருப்பதைப் படம்பிடித்துக் காட்டும் கருவிகளும் அன்று இல்லை.

பட்டாணி அளவில் ஒரு சுரப்பி

மூளையின் அடிப்பகுதியில், மூக்கின் பின்புறம், எலும்பாலான ஒரு சிறு குழியில் பிட்யூட்டரி சுரப்பி அமைந்துள்ளது. இதன் அளவு ஒரு பட்டாணியின் அளவுதான். ஆயினும், உடலின் வளர்ச்சி, பருவமடைதல், தாய்ப்பால் சுரத்தல், உடலின் நீர் அளவு எனப் பலவற்றை இது கட்டுப்படுத்துகிறது. இந்தச் சுரப்பி ஹார்மோன்கள் என்னும் வேதிப்பொருள்களைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. அவை இரத்தத்தின்வழிப் பிற உறுப்புகளைச் சென்றடைந்து, என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உண்மைகளுள் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாது. ஹார்மோன் என்ற சொல்லே 1905ஆம் ஆண்டில்தான் அறிமுகமானது. பிட்யூட்டரி சுரப்பிக்கும் ஒரு விந்தையான நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது மட்டும் தெரிந்திருந்தது. அந்த நோய் பெரியவர்களுக்கு வரும். கைகளும் கால்களும் தாடையும் மெல்ல மெல்லப் பெருக்கும். விரலில் இருந்த மோதிரம் இறுகும், பழைய காலணி பொருந்தாது, முகமே மாறிப்போகும். பிரெஞ்சு மருத்துவர் பியேர் மரி 1886இல் இதற்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். இந்நோய் கண்டு இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது பிட்யூட்டரி சுரப்பி வீங்கியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால், அந்த வீக்கம் நோயின் காரணமா அல்லது விளைவா என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. சுரப்பி தேவைக்கு மேல் வேலை செய்கிறதா, வேலை செய்யாமல் நின்றுவிட்டதா என்பதும் புலப்படவில்லை.

இந்தப் புதிர் குஷிங்கின் வாழ்க்கையில் ஒரு தோல்வியின் வடிவில் நுழைந்தது. 1901ஆம் ஆண்டின் இறுதியில் பதின்ம வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் அழைத்துவரப்பட்டாள். அவளுக்குக் கடுமையான தலைவலி இருந்தது, பார்வை மங்கிக்கொண்டே வந்தது, உடல் பருத்திருந்தது, வயதுக்குரிய பருவ வளர்ச்சி இல்லை. மூளையில் கட்டி இருக்கலாம் என்று கருதிய குஷிங் அறுவைச் சிகிச்சை செய்தார். கட்டி எங்கு உள்ளது என்று அவரால் கண்டறிய முடியவில்லை. மீண்டும் முயன்றும் பயனில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள்.

அவளுடைய உடலை ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் இடத்தில் ஒரு பெரிய நீர்க்கட்டி இருந்தது. அதே ஆண்டில் வியன்னாவில் ஒரு மருத்துவர், இதேபோன்ற அறிகுறிகளுடன் வந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார். பிட்யூட்டரி பகுதியில் தோன்றிய கட்டியே காரணம் என்றும் அவர் சுட்டிக்காட்டியிருந்தார். தம் கண்முன்னே இருந்த அறிகுறிகளின் பொருள் தமக்குப் புரியாமல் போனதைக் குஷிங் உணர்ந்தார். அந்தப் பெண்ணின் கதையை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் பிட்யூட்டரி பற்றித் தாம் எழுதிய நூலில் அவளைப் பற்றியும் வெளிப்படையாக எழுதினார்.

சிகிச்சையே விடையானது

ஒரு சுரப்பியின் பணியை அறிய வேண்டுமானால் அது இல்லாதபோது உடல் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். குஷிங்கும் அவருடைய உதவியாளர்களும் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதியை அகற்றி ஆராய்ந்தார்கள். அந்த நாய்கள் கொழுத்து, சுறுசுறுப்பை இழந்தன. குட்டிகள் வளராமல் சிறியனவாகவே இருந்துவிட்டன. சுரப்பியின் வேலை குறைந்தால் வளர்ச்சி நிற்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அப்படியானால், வளர்ச்சி அளவுக்கு மீறினால் சுரப்பியின் வேலை மிகுந்துவிட்டது என்றுதானே பொருள்?

இதனை மனிதரிடம் உறுதிசெய்யும் வாய்ப்பு 1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. அக்ரோமெகலி நோயால் துன்புற்ற 38 வயது விவசாயி ஒருவர் பால்டிமோர் வந்துசேர்ந்தார். தலைவலி அவரை வாட்டியது. வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசியது. கைகளும் முகமும் பெருத்துவிட்டன. குஷிங் மூக்கின் வழியாகப் பிட்யூட்டரி சுரப்பியை அடைந்து, வீங்கிய பகுதியில் ஒரு பங்கை மட்டும் அகற்றினார்.

விவசாயி பிழைத்துக்கொண்டார். தலைவலி தணிந்தது. அதைவிட முக்கியமாக, உடலின் வீக்கங்கள் குறையத் தொடங்கின. இந்த மாற்றத்தைக் குஷிங் ஆழ்ந்து கவனித்தார். சுரப்பி வேலை செய்யாததால் நோய் வந்திருந்தால், அதனை மேலும் வெட்டும்போது நோய் முற்றியிருக்க வேண்டும். மாறாக, நோய் தணிந்தது. எனவே, சுரப்பி அளவுக்கு அதிகமாகச் சுரந்ததே நோயின் காரணம் என்று அவர் முடிவு செய்தார். சிகிச்சை நோயாளிக்கு நன்மை செய்ததோடு, மருத்துவரின் கேள்விக்கும் விடையளித்தது. அந்த விவசாயி அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

பிட்யூட்டரி கட்டிகள் இருவகைத் துன்பங்களைத் தருகின்றன என்பதும் படிப்படியாக விளங்கியது. சில கட்டிகள் தாமே ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன. வேறு சில எதையும் சுரப்பதில்லை. ஆனால், அவை வளரும்போது அருகிலுள்ள நல்ல சுரப்பியை நசுக்குவதால் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. 1901இல் வந்த பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே. சுரப்பு மிகுதல், சுரப்பு குறைதல் என்ற இந்தப் பாகுபாட்டைக் குஷிங் மருத்துவ உலகிற்கு முன்வைத்தார்.

பார்வை மங்குவதற்கான காரணமும் தெரிந்தது. இரு கண்களிலிருந்து வரும் நரம்புகள் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளரும்போது அந்த நரம்புகளை அழுத்துகிறது. அப்போது இரு பக்கங்களிலும் உள்ளவை முதலில் மறையும். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியதைப் போல, நேரே உள்ளவை மட்டும் தெரியும். கவனிக்காமல் விட்டால் அதுவும் மறைந்துவிடும். ஆகவே, குஷிங்கின் நோயாளிகள் பலருக்கு அறுவைச் சிகிச்சை என்பது பார்வையைக் காக்கும் போராட்டமாக இருந்தது.

விளங்காத ஒரு நோயாளி

1910ஆம் ஆண்டின் இறுதியில் 23 வயது இளம்பெண் ஒருவர் குஷிங்கிடம் வந்தார். அவருடைய முகமும் வயிறும் பருத்திருந்தன, கைகால்களோ பருக்கவில்லை. முகத்தில் மயிர் வளர்ந்திருந்தது. வயிற்றுத் தோலில் ஊதா நிறக் கோடுகள் தோன்றியிருந்தன. சிறிது இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனது. மாதவிடாய் நின்றுவிட்டது. இரத்த அழுத்தம் மிகவும் கூடியிருந்தது. தலைவலியும் முதுகுவலியும் அவரை வருத்தின. சில ஆண்டுகளுக்குமுன் அவர் மற்றப் பெண்களைப் போலத்தான் இருந்தார். இப்போதோ அறிமுகமானவர்களுக்கும் அவரை அடையாளம் காண்பது கடினமாக இருந்திருக்கும்.

குஷிங் அவரைக் கவனமாகச் சோதித்தார். எக்ஸ்ரே படத்தில் பிட்யூட்டரி இருக்கும் எலும்புக்குழி வழக்கமான அளவிலேயே இருந்தது. பெரிய கட்டி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. குறை பிட்யூட்டரியிலா, சிறுநீரகத்தின்மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியிலா, கருப்பையை ஒட்டிய சூலகத்திலா என்று அவரால் உறுதியாகக் கூற முடியவில்லை.

1912ஆம் ஆண்டில் குஷிங் பிட்யூட்டரி சுரப்பியையும் அதன் நோய்களையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஏறத்தாழ ஐம்பது நோயாளிகளின் வரலாறு அதில் இடம்பெற்றது. அவர்களுள் அந்த இளம்பெண் 45ஆம் நோயாளி. தமக்கு விளங்காத நோயாளி என்பதற்காகக் குஷிங் அவரை விட்டுவிடவில்லை. பல சுரப்பிகள் ஒருசேரப் பாதிக்கப்பட்ட நோய் என்று குறிப்பிட்டு, காரணத்தைப் பின்னர்க் கண்டறிய வேண்டும் என்ற நிலையில் விட்டுவைத்தார்.

அந்த நூலில் குஷிங்கின் கருத்துகள் அனைத்தும் சரியாக அமைந்துவிடவில்லை. சுரப்பி முழுவதையும் இழந்தால் உயிர் பிழைக்கவே முடியாது என்று அவர் கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் இதனைத் திருத்தினார்கள். ஆயினும், அவர் பதிந்துவைத்த நோயாளி விவரங்கள் அழியாத மதிப்புடையவை. கருத்துகள் மாறலாம், கண்ணால் கண்டு எழுதிய குறிப்பு மாறாது.

புகழும் இழப்பும்

1912இல் குஷிங் பாஸ்டனுக்குத் திரும்பினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும், புதிதாகக் கட்டப்பட்ட பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். பிட்யூட்டரி சுரப்பியை அடைவதற்கு மற்றவர்கள் கண்ட வழிகளை ஒன்றிணைத்துத் தம் முறையை மேம்படுத்தினார். மேலுதட்டின் உட்புறத்தில் சிறிதளவு வெட்டி, மூக்கின் நடுச்சுவர் வழியாகச் சுரப்பியை அடைவது அவருடைய முறை. இதனால் முகத்தில் தழும்பு ஏற்படுவதில்லை. 1910 முதல் 1925 வரை இவ்வழியில் 231 பேருக்கு அவர் சிகிச்சை அளித்தார். அவர்களுள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. தொற்றுநோய்க் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லாத காலத்தில் இது வியப்புக்குரிய சாதனை.

முதல் உலகப் போரின்போது அவர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். தலையில் குண்டடி பட்டவர்களிடையே இறப்பு விகிதத்தை அவருடைய குழு ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. போரின் இறுதியில் நரம்புகளைத் தாக்கும் ஒரு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதன் பிறகு அவருடைய கால்கள் முழு நலம் பெறவில்லை. விடாத புகைப்பழக்கமும் கால்களின் இரத்தக் குழாய்களைக் கெடுத்தது. வலியுடன் நின்றுகொண்டே அவர் பல மணிநேரம் அறுவைச் சிகிச்சை செய்து வந்தார்.

குஷிங்குடன் பணியாற்றுவது எளிதன்று. சிறு பிழையையும் அவர் பொறுக்கமாட்டார். உதவியாளர்களைக் கடிந்துகொள்வார். அதே மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே பொறுமையின் வடிவமாக மாறிவிடுவார். வீட்டிற்கு அவர் ஒதுக்கிய நேரமோ குறைவு. ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பின் பெரும்பகுதியை அவருடைய மனைவி கேத்தரீனே சுமந்தார்.

1926ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் இன்பமும் துன்பமும் ஒருங்கே வந்த ஆண்டு. தமக்கு வழிகாட்டிய வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவரைப் பற்றி அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலுக்கு அவ்வாண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குச் சில வாரங்களில் அவருடைய மூத்த மகன் கார் விபத்தில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று அவருக்காக ஒரு நோயாளி மருத்துவமனையில் காத்திருந்தார். குஷிங் துயரத்தை அடக்கிக்கொண்டு சென்று, அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்து முடித்தார். இதனைக் கடமையுணர்வு என்று போற்றுபவர்கள் உண்டு. குடும்பத்தைவிட வேலையையே பெரிதாகக் கருதிய மனிதரின் கடினமான மனம் என்று சொல்பவர்களும் உண்டு.

இருபது ஆண்டுகளுக்குப் பின்

புகழின் உச்சிக்குச் சென்ற பிறகும் 45ஆம் நோயாளியைக் குஷிங் மறக்கவில்லை. அவரைப் போன்ற அறிகுறிகள் உடையவர்களைத் தொடர்ந்து தேடி வந்தார். தம்மிடம் வந்தவர்களின் குறிப்புகளோடு, பிற நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட விவரங்களையும் திரட்டினார். 1932ஆம் ஆண்டில் அவர் 12 நோயாளிகளின் வரலாற்றை ஒன்றாகத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் ஒருவர், இருபது ஆண்டுகளுக்குமுன் வந்த அந்த இளம்பெண்.

இறந்தவர்கள் சிலரின் பிட்யூட்டரி சுரப்பியில் மிகச் சிறிய கட்டிகள் காணப்பட்டிருந்தன. எலும்புக்குழியைப் பெரிதாக்கும் அளவுக்கோ பார்வை நரம்பை அழுத்தும் அளவுக்கோ அவை வளர்ந்திருக்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் ஏன் எதுவும் தெரியவில்லை என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்தது. கட்டியின் அளவு சிறிதாக இருந்தாலும் அதன் சுரப்பு உடல் முழுவதையும் மாற்றிவிடும் என்று குஷிங் வாதிட்டார்.

பலர் இதனை ஐயுற்றார்கள். இத்தகைய நோயாளிகள் சிலருக்கு அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். காலப்போக்கில் இரு தரப்பினரின் கூற்றிலும் உண்மை இருப்பது தெரியவந்தது. பிட்யூட்டரி சுரக்கும் ஒரு ஹார்மோன் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது. அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. பிட்யூட்டரியில் உள்ள சிறு கட்டி ஓயாமல் தூண்டினால் கார்ட்டிசோல் மிகுந்துவிடும். அட்ரீனலிலேயே கட்டி தோன்றினாலும் அதே நிலை ஏற்படும். முகம் பருப்பதற்கும் எலும்பு வலுவிழப்பதற்கும் தோல் மெலிவதற்கும் மிகுதியான கார்ட்டிசோலே காரணம். இந்த அறிகுறிகளின் தொகுப்பு இன்று குஷிங் நோய்த்தொகுதி எனப்படுகிறது. அது பிட்யூட்டரி கட்டியால் வரும்போது குஷிங் நோய் என்று அழைக்கப்படுகிறது.

அதே 1932ஆம் ஆண்டில் குஷிங் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே அவர் அறுவைச் சிகிச்சை செய்த மூளைக்கட்டிகளின் எண்ணிக்கை 2,000ஐ எட்டியிருந்தது. பின்னர், தாம் இளமையில் படித்த யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். 1939ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், தம் 70ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். அவருடைய உடலை ஆராய்ந்த மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். ஆயிரக்கணக்கானோரின் மூளைக்கட்டிகளை அகற்றிய அந்த மனிதரின் மூளையிலும் ஒரு சிறு கட்டி இருந்தது. அது வாழ்நாளில் அவருக்கு எந்தத் தொல்லையும் தந்ததாகத் தெரியவில்லை.

அவர் விட்டுச்சென்ற வழி

குஷிங் தம் பிற்காலத்தில் மூக்கின் வழியாகச் செய்யும் முறையைக் கைவிட்டு, மண்டையோட்டைத் திறந்து பிட்யூட்டரி கட்டிகளை அகற்றலானார். பெரிய கட்டிகளை அவ்வாறு தெளிவாகக் காண முடிந்தது. ஆசான் விட்டதை மற்றவர்கள் பலரும் விட்டுவிட்டார்கள். ஆனால், அவரிடம் பயின்ற நார்மன் டாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பழைய வழியைத் தொடர்ந்தார். டாட்டிடமிருந்து பிரான்சின் ஜெரார் கியோவும், அவரிடமிருந்து கனடாவின் ஜூல் ஹார்டியும் அதனைக் கற்றார்கள். ஹார்டி 1960களில் நுண்ணோக்கியின் துணையுடன் சிறிய கட்டியை மட்டும் அகற்றி, நல்ல சுரப்பியைக் காப்பாற்றும் வழியைக் காட்டினார். இன்று பிட்யூட்டரி கட்டிகள் பெரும்பாலும் மூக்கின் வழியாகவே அகற்றப்படுகின்றன.

ஒவ்வொரு கட்டிக்கும் ஏற்ற சிகிச்சை வேறு என்பதும் இன்று தெரிந்திருக்கிறது. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும் கட்டிகள் பல, மாத்திரைகளாலேயே சுருங்கிவிடுகின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அக்ரோமெகலி நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் சுரப்பு குறையாவிட்டால் ஊசி மருந்துகள் உதவுகின்றன. குஷிங் நோயில் அறுவைச் சிகிச்சையே முதல் வழி. கட்டி முழுமையாக நீங்கியதா என்பதை அடுத்த சில நாள்களில் இரத்தத்தில் உள்ள கார்ட்டிசோலின் அளவே காட்டிவிடும். அளவு நன்றாகக் குறைந்தால் மருத்துவர்கள் நிம்மதி அடைவார்கள். குறையாவிட்டால் மீண்டும் ஆராய்வார்கள். விவசாயியின் வீக்கம் தணிந்ததைக் கண்டு குஷிங் பயன்படுத்திய அதே முறைதான் இது. சிகிச்சைக்கு உடல் தரும் பதிலிலிருந்து நோயைப் புரிந்துகொள்வதே அதன் சாரம்.

குஷிங் தம் நோயாளிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுக்கச் செய்தார். அகற்றிய கட்டிகளைக் கண்ணாடிக் குடுவைகளில் பாதுகாத்தார். ஆண்டுதோறும் நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய உடல்நிலையைக் கேட்டறிந்தார். அவருடைய மறைவுக்குப் பிறகு அந்தப் புகைப்படங்களும் குடுவைகளும் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நெடுங்காலம் தூசி படிந்து கிடந்தன. பின்னர் அவை தூய்மைப்படுத்தப்பட்டு, 2010ஆம் ஆண்டில் காட்சியகமாகத் திறக்கப்பட்டன. அங்குச் செல்பவர்கள், உருமாறிய முகங்களுடன் புகைப்படக் கருவியை நேராகப் பார்க்கும் மனிதர்களைக் காணலாம். அவர்களுள் சிலர் நலம் பெற்று வீடு திரும்பியவர்கள். சிலர் திரும்பாதவர்கள். குஷிங்கின் பதிவேட்டில் இரு சாராருக்கும் இடம் இருந்தது.

நடந்ததை மறந்துவிடுமாறு ஒரு நாள் மாலை ஒரு மூத்த மருத்துவர் அந்த இளம் மாணவருக்கு அறிவுரை கூறினார். அவர் அதனை ஏற்று மறந்திருந்தால் வேறொரு நல்ல மருத்துவராக ஆகியிருக்கலாம். அவரோ மறக்காமல் எழுதிவைத்தார். 45ஆம் நோயாளியின் பக்கத்தை இருபது ஆண்டுகள் மூடாமல் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த அறிகுறிகளைக் கொண்டுதான் இன்றும் மருத்துவர்கள் அந்த நோயை அடையாளம் காண்கிறார்கள்.